எத்தனை மாதம் தாங்கும்?

(இணையத் தொழிலில் இருக்கும், அதில் நுழைய நினைக்கும் இளைஞர்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பொருளாதார மந்தம் வந்தால் வெப் டிசைன் தொழில் என்ன ஆகும்?" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் நான்கு அறிவுரை சொல்வார்கள். புதிய தொழில்நுட்பம் கற்றுக்கொள்ளுங்கள். செலவைக் குறையுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரைப் பிடியுங்கள். திறமை இருப்பவன் எப்படியும் தப்பித்துக்கொள்வான். முதல் மூன்றோடு எனக்குச் சண்டை இல்லை. நான்காவதோடு உண்டு. மந்தகாலத்தில் ஒரு சிறிய டிசைன் அலுவலகம் மூடப்படுவதும் பிழைப்பதும் பெரும்பாலும் திறமையால் முடிவாவதில்லை. பணம் வராமல் எத்தனை மாதம் தாங்க முடியும் என்பதுதான் முடிவுசெய்கிறது. அந்த மாதங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் சாதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இன்று நான் பேச வந்தது இதைத்தான்.

முதலில் தொழிலின் தன்மையைப் பார்ப்போம்.

முதலில் வெட்டப்படும் செலவு

ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்கு வியாபாரம் குறைகிறது என்று வையுங்கள். அவர் எந்தச் செலவை முதலில் நிறுத்துவார்? கடை வாடகையை நிறுத்த முடியாது. மின்கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். சரக்கு கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார். ஆனால் வெப்சைட்டைப் புதுப்பிக்கும் வேலையை "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் தம்பி" என்ற ஒரே வாக்கியத்தில் தள்ளிவைக்கலாம். அவர்மேல் தப்பில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

நம் தொழில் மற்றத் தொழில்களின் விரிவாக்கத்தை நம்பி இருக்கிறது. புதிய பள்ளி, புதிய மருத்துவமனை, புதிய கிளை, புதிய பிராண்ட் என்று யாராவது எதையாவது தொடங்கினால்தான் நமக்கு வேலை. அதனால் மந்தம் நம்மை முதலில் தொடுகிறது. மற்றவர்கள் மீண்டு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகே நம்மை நினைப்பார்கள் என்பதால், நாம் மீள்வது கடைசியில்.

இது புதிய கதையும் அல்ல. 2000 மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு 5,000 புள்ளிகளைத் தாண்டி உச்சத்தில் இருந்தது. 2002 அக்டோபருக்குள் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. அந்த உச்சத்தில், யுஎஸ்வெப் என்ற பெரிய வெப் டிசைன் நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து மார்ச்ஃபர்ஸ்ட் என்ற பெயரில் பிரம்மாண்டமாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 2001 ஏப்ரலில், அது திவால் மனு போட்டது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் திறமையை இழந்துவிட்டார்களா? வாடிக்கையாளரின் பணம் நின்றது, அவ்வளவுதான்.

நம் பக்கம் வருவோம். 2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு செல்லாது என்றார்கள். ரொக்கத்தில் ஓடிய சிறு கடைகளும் பட்டறைகளும் படுத்தன. அவர்களிடமிருந்து நமக்கு வரவேண்டிய நிலுவையும் அவற்றோடு படுத்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி, முதல் மதிப்பீட்டின்படி, 23.9 விழுக்காடு சுருங்கியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின்மீது வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. அமெரிக்க ஆர்டரை நம்பிய திருப்பூர் பின்னலாடைத் தொழில் ஆட்டம் கண்டது. ஆர்டர் நின்ற கம்பெனி, தையல்காரரின் வேலையைக் குறைப்பதற்கு முன்பே புது கேட்டலாக், புது வெப்சைட் பேச்சை நிறுத்திவிடும்.

இவற்றில் 2020 நமக்கு ஒரு தனிப் பாடம் சொல்கிறது. ஊரடங்கின் முதல் மாதங்களில் எல்லாம் நின்றது. அதன் பிறகு மளிகைக்கடை முதல் டியூஷன் சென்டர் வரை "ஆன்லைனில் ஏதாவது செய்து கொடுங்கள்" என்று கேட்டு வந்தார்கள். சரிவுக்குப் பின்னால் ஓர் அலை வந்தது. ஆனால் அந்த அலை வரும்போது கடையைத் திறந்து வைத்திருந்தவர்களுக்குத்தான் அது பயன்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் லேப்டாப்பை விற்றுவிட்டு ஊருக்குப் போனவர்களுக்கு அது வெறும் செய்தி.

அலுவலகத்துக்குள் நடப்பவை

மந்தம் ஒரு டிசைன் அலுவலகத்துக்குள் வரும்போது நான்கு வழிகளில் வருகிறது.

ஒன்று, புதிய வேலை நிற்கிறது. "இன்ஸ்டா பக்கம் போதும், வாட்ஸ்அப் பிசினஸ் போதும், ஏஐ-யிடம் சொன்னால் அதுவே பக்கம் போட்டுக் கொடுத்துவிடும்" என்கிறார் வாடிக்கையாளர். ஓரளவுக்கு அது உண்மையும்கூட. நாலு பக்க அறிமுகத் தளம் செய்துகொடுத்துப் பிழைத்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. மந்தம் அந்த மாற்றத்தை இன்னும் வேகப்படுத்துகிறது.

இரண்டு, விலை இறங்குகிறது. பெரிய ஐடி கம்பெனிகள் ஆட்களைக் குறைக்கும்போது, வெளியே வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஃப்ரீலான்ஸ் வேலைக்கு வருகிறார்கள். டிசிஎஸ் நிறுவனம் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது நினைவிருக்கும். வேலை இழந்து வருபவர்கள் நமக்கு எதிரிகள் இல்லை. ஆனால் வேலை குறைந்து ஆட்கள் கூடும்போது, முப்பதாயிரத்துக்குச் செய்த வேலையைப் பன்னிரண்டாயிரத்துக்குக் கேட்பார்கள்.

மூன்று, செலவு ஏறுகிறது. ஹோஸ்டிங், ப்ளக்இன், டிசைன் மென்பொருள், ஏஐ சந்தா என்று பெரும்பாலானவற்றுக்கு டாலரில் விலை. 2014-இல் 60 ரூபாய்ச் சுற்றில் இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. அமெரிக்க வாடிக்கையாளரை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது லாபம். உள்ளூர் வாடிக்கையாளரை வைத்திருப்பவருக்கு நட்டம். லாபம் பெறும் நிறுவனத்திலும் டிசைனரின் சம்பளம் ரூபாயில் அப்படியேதான் நிற்கும். அண்ணல் அம்பேத்கர் 1923-இல் வெளியிட்ட 'ரூபாயின் சிக்கல்' நூலில் இந்த விஷயத்தைப் பேசியிருக்கிறார். ரூபாய் மதிப்பு சரிவதால் ஏற்றுமதியாளருக்குக் கிடைக்கும் ஆதாயம், விலைவாசிக்கு ஈடாகக் கூலி உயராத உழைப்பாளியின் பையிலிருந்துதான் வருகிறது என்பது அவருடைய வாதம். நூறாண்டு கழித்து, மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அது பொருந்துகிறது.

நான்காவது, இவை எல்லாவற்றையும்விட ஆளைக் கொல்வது: நிலுவை. வேலை முடிந்துவிட்டது, தளம் ஓடுகிறது, பணம் வரவில்லை.

ஒரு கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது கற்பனைக் கணக்குத்தான். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தங்கள் எண்களைப் போட்டு இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு லட்ச ரூபாய்க்கு ஒரு வேலை. எண்பதாயிரம் முன்பணம் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் மீதி 1,20,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் போடுகிறீர்கள். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 21,600 ரூபாய். மொத்தம் 1,41,600. இன்வாய்ஸ் போட்டாகிவிட்டதால், வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும், அந்த 21,600 ரூபாயை அடுத்த மாதமே உங்கள் கையிலிருந்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஆக, வராத பணத்துக்கும் வரி கட்டியிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் ஆறு மாதம் இழுத்தடிக்கிறார். இடையில் சம்பளம், வாடகை, ஹோஸ்டிங் எல்லாம் கொடுக்க வேண்டும். எனவே அந்த 1,41,600 ரூபாயைக் கடன் வாங்கிச் சமாளிக்கிறீர்கள்.

இப்போது இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே திறமை, ஒரே வாடிக்கையாளர், ஒரே நிலுவை.

முதலாமவர் வீட்டில் நகை இருக்கிறது. வங்கியில் வைத்து, ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் வாங்குகிறார். ஆறு மாதத்துக்கு வட்டி 7,080 ரூபாய்.

இரண்டாமவர் வீட்டில் நகை இல்லை, பத்திரம் இல்லை, வங்கி மேலாளரைத் தெரிந்த சித்தப்பா இல்லை. ஐந்து வட்டிக்கு வாங்குகிறார். மாதம் நூற்றுக்கு ஐந்து. ஒரு மாத வட்டியே 7,080 ரூபாய். முதலாமவர் ஆறு மாதத்துக்குக் கட்டியதை இவர் ஒரே மாதத்தில் கட்டுகிறார். ஆறு மாதத்துக்கு 42,480.

இந்த வேலையில் 20 விழுக்காடு லாபம் நிற்கும் என்று வைத்தால், நாற்பதாயிரம். முதலாமவருக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் மிஞ்சுகிறது. இரண்டாமவர் நன்றாக வேலை செய்து, தளத்தை முடித்துக் கொடுத்து, வாடிக்கையாளரிடம் பாராட்டும் வாங்கி, கடைசியில் கைநட்டப்படுகிறார். இப்படி இரண்டு நிலுவை சேர்ந்தால் அவர் கடையை மூடிவிடுவார். மூடிய பிறகு ஊர் என்ன சொல்லும்? "அவனுக்கு பிசினஸ் பண்ணத் தெரியல." முதலாமவரைப் பற்றி என்ன சொல்லும்? "கஷ்டகாலத்திலும் தாக்குப்பிடிச்சு நின்னான் பாரு, திறமைசாலி."

தோழர்களே, திறமை என்ற சொல் சாதிச் சமூகத்தில் இப்படித்தான் உற்பத்தியாகிறது. நகையும் நிலமும் உறவும் செய்த வேலையைத் திறமை தன் பெயரில் எழுதிக்கொள்கிறது.

கணினிக்குச் சாதி தெரியாது, வாடிக்கையாளருக்குத் தெரியும்

"கணினிக்குச் சாதி தெரியாது, கோடுக்குச் சாதி தெரியாது" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நமக்கு வேலை தருவது கணினி இல்லையே.

சிறிய டிசைன் அலுவலகத்துக்கு வேலை எப்படி வருகிறது? பெரும்பாலும் ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். மச்சான் கடைக்குச் செய்தவர், பெரியப்பா பள்ளிக்குச் செய்தவர், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ பரிந்துரைத்தவர். ஊருக்கு ஊர் சாதிச் சங்கங்கள் தொழில்முனைவோர் குழுக்களை நடத்துகின்றன. "நம்ம ஆளுக்கே வேலை கொடுங்கள்" என்பது அங்கே எழுதப்படாத விதி. நல்ல காலத்தில் அந்த வட்டத்துக்கு வெளியேயும் வேலை சிந்தும். மந்தகாலத்தில் வட்டம் இறுகிவிடும். பத்து வேலை இரண்டாகக் குறையும்போது, அந்த இரண்டும் உறவுக்குள் போகும்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவது அரிது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு தொடங்கிவைத்த மாற்றம் அது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் சாதியைக் கண்டுபிடிக்கும் ஆர்வம் போய்விடவில்லை. "தம்பிக்கு எந்த ஊரு? ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா? அப்பா என்ன பண்றாரு? குலதெய்வம் எது?" என்று கேட்பவர் உங்கள் போர்ட்ஃபோலியோவை இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

இது வெறும் மனக்குறை இல்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் வேலைகளுக்கு ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை வேறுவேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். மேல்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். 2012-இல் வந்த இன்னோர் ஆய்வு, நாட்டின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பார்த்தது. முன்னேறிய சாதியினர் 93 விழுக்காடு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. பெரிய வேலைக்கு ஒப்பந்தம் கொடுக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் பற்றிய 2015–16 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. குறுந்தொழில்களில் பட்டியல் சாதியினருக்குச் சொந்தமானவை 12.48 விழுக்காடு. சிறுதொழிலில் அது 5.5. நடுத்தரத் தொழிலில் அந்தக் கட்டத்தில் பூஜ்ஜியம் என்றே இருக்கிறது. தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வளர்கிறவர்கள் வடிகட்டப்படுகிறார்கள். ஒவ்வொரு மந்தமும் அந்த வடிகட்டியை ஒரு சுற்று இறுக்குகிறது.

அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு நிகழ்வு உண்டு. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு, 1917-இல் பரோடாவில் வேலையில் சேர்ந்து, தங்க ஓர் இடம்கூடக் கிடைக்காமல் பம்பாய் திரும்பினார். அங்கே பங்கு வாங்கி விற்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. தொழிலை மூட வேண்டியிருந்தது. பணத்தைப் பற்றி அவரைவிட ஆழமாகப் படித்தவர்கள் அந்தச் சந்தையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அறிவை விற்கும் தொழிலில் வாங்குகிறவரின் மனம்தான் சந்தை. அந்த மனத்தில் சாதி இருந்தால் சந்தையிலும் சாதி இருக்கும்.

ஆதிக்கச் சாதியில் பிறந்தவர் நடத்தும் அலுவலகங்களும் மூடப்படுகின்றனவே என்று கேட்கலாம். மூடப்படுகின்றன. அவர்களில் ஏழைகளும் இருக்கிறார்கள். ஆனால் விழும்போது கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒருவருக்கு அப்பாவின் கடை, மாமாவின் கம்பெனி, ஊரில் இரண்டு ஏக்கர். இன்னொருவருக்குத் தங்கையின் படிப்புக்கட்டணம்.

என்ன செய்யலாம்?

நான்கு மட்டத்தில் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் மேசையில். வாய்ப்பேச்சில் வேலை தொடங்காதீர்கள். தமிழிலேயே இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். என்ன வேலை, எத்தனை திருத்தம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை நான்கு தவணையாகப் பிரியுங்கள். கடைசித் தவணை சிறியதாக இருக்கட்டும். முழுப் பணம் வரும்வரை தளத்தை உங்கள் சோதனை சர்வரிலேயே காட்டுங்கள். டொமைன் வாடிக்கையாளர் பெயரில்தான் இருக்க வேண்டும். அதைப் பிணையாகப் பிடித்துவைப்பது நமக்கு அழகில்லை. புதிய தளம் கேட்பவர்கள் குறைந்தாலும், ஓடுகிற தளத்தைப் பராமரிக்க ஆள் தேவைப்படும். எனவே ஏஎம்சி வருமானம் மாதச் செலவில் பாதியையாவது எட்டட்டும். மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், 2016 இணையத்துக்கும் பொருந்தும். பார்வையற்றவரும் பயன்படுத்தும்படி தளம் அமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அது நம் அரசியலோடும் ஒத்துப்போகிற திறன்.

அடுத்து உத்யம் பதிவு. அது இலவசம். வேலை எடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. இணையவழியாகப் புகார் கொடுக்கலாம். 2024 ஏப்ரல் 1 முதல் இன்னொரு பிடியும் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணத்தைக் கெடு தாண்டி நிறுத்திவைப்பவர், அதை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். நிலுவைக் கடிதத்தில் இந்த இரண்டையும் மரியாதையாகக் குறிப்பிடுங்கள். வாடிக்கையாளர் படிக்காவிட்டாலும் அவருடைய ஆடிட்டர் படிப்பார்.

இரண்டாவது, கூட்டாக. சட்டம் இருந்தும் நம் ஆட்கள் ஏன் புகார் கொடுப்பதில்லை? தனியாகக் கொடுத்தால், "பிரச்சினை பண்ற ஆள்" என்று சின்ன ஊரில் பெயர் போய்விடும். அடுத்த வேலை வராது. தனி ஆளாக நின்றால் சட்டம் பாதிதான் வேலை செய்யும். பத்து அலுவலகங்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தப் படிவம், ஒரே குறைந்தபட்ச விலை, ஒரே வழக்கறிஞர் என்று வைத்தால், புகார் கொடுத்த ஆளைத் தனிமைப்படுத்துவது கடினம்.

அதோடு ஒரு பொதுநிதி. நாடார் சமூகம் ஒரு காலத்தில் எத்தனை இழிவுக்கு ஆளாக்கப்பட்டது என்பதும், அவர்கள் பேட்டைகளில் 'மகமை' வசூலித்துப் பள்ளி கட்டியதும், 1921-இல் தூத்துக்குடியில் தங்கள் பெயரிலேயே ஒரு வங்கி தொடங்கியதும் வரலாறு. அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சேமிக்கும் முறையை. சாதி எல்லையை அல்ல. வரும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் இரண்டு விழுக்காட்டைப் பொதுநிதிக்குப் போடுங்கள். உறுப்பினர் ஒருவருக்கு நிலுவை இழுத்தால், அந்த இன்வாய்ஸின்மேல் நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுங்கள். நாம் போட்ட கணக்கில் இரண்டாமவருக்கு 42,480 ரூபாய் மிச்சம். சாதி ஒழிப்பை ஏற்கும் எவரும், எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும், அதில் உறுப்பினராகட்டும். கணக்கு எல்லோர் பார்வையிலும் இருக்கட்டும்.

நம் அலுவலகங்களில் வேலை செய்பவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். மந்தம் வந்ததும் உள்ளடக்கம் ஏற்றும் பெண்ணையும் புதிதாகச் சேர்ந்த தம்பியையும் முதலில் அனுப்பிவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. முதலாளி தலித்தாக இருப்பதால் மட்டும் சம்பளப் பாக்கி புரட்சியாகிவிடாது. வருகிற பணத்தில் முதல் பங்கு குறைந்த சம்பளக்காரருக்கு என்று விதி வையுங்கள். குறைக்கத்தான் வேண்டும் என்றால் மேலிருந்து குறையுங்கள்.

மூன்றாவது, இயக்கங்களிடம். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரலாம். ஆனால் இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? மாநாட்டுக்கு மேடை போடுபவருக்குப் பணம் கொடுக்கிறோம். ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கிறோம். ஃப்ளெக்ஸ் அடிப்பவருக்குக் கொடுக்கிறோம். வெப்சைட் செய்கிற பையனிடம் மட்டும், "இயக்கத்துக்குத்தானே தோழர்" என்கிறோம். மூன்று மாதம் அவர் இரவெல்லாம் உட்கார்ந்து தளம் கட்டுகிறார். சர்வர் பணத்தையும் அவரே கட்டுகிறார். ஒருநாள் அவரால் முடியாமல் போகிறது. தளம் நிற்கிறது. பத்தாண்டுக் கட்டுரைகள் காணாமல் போகின்றன. இழந்தது அவர் மட்டுமா?

உழைப்புக்குக் கூலி கேட்பது இயக்கத்துக்கு எதிரானது அல்ல. கூலியில்லாமல் ஊருக்கு வேலை செய்யும் கட்டாயத்தை எதிர்த்து எழுந்த இயக்கம் நம்முடையது. மகர்களின் வதன் நில முறையை ஒழிக்க 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் அம்பேத்கர். நாமே நம் பிள்ளைகளிடம் கூலியில்லா வேலை வாங்கலாமா? குறைந்த தொகையாக இருக்கட்டும். ஆனால் முன்பே பேசி, தேதியில் கொடுப்போம். நம் ஆதரவாளர்களில் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பயிற்சி மையம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தளம் செய்யும்போது நம் தோழர்களின் பட்டியலை முதலில் பார்க்கட்டும். அந்தப் பட்டியலை இயக்கங்கள் உருவாக்கலாம்.

நான்காவது, அரசிடம். மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கைப்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து வாங்க வேண்டும். நடைமுறை அந்த இலக்குக்கு வெகு கீழேயே இருந்து வந்திருக்கிறது. 2002 போபால் பிரகடனம் முதல் இந்தக் கோரிக்கை பேசப்படுகிறது. கர்நாடகம் அரசுக் கட்டுமானப் பணிகளில் குறிப்பிட்ட தொகை வரையிலான ஒப்பந்தங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடஒதுக்கீட்டைச் சட்டமாகவே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அரசுத் துறை, பல்கலைக்கழகம், உள்ளாட்சி என்று எத்தனை இணையதளங்கள்! அவற்றின் சிறிய பணிகளில் அப்படி ஓர் ஒதுக்கீடு கேட்போம். "கடந்த மூன்றாண்டுகளில் இத்தனை கோடி விற்றுமுதல்" என்ற டெண்டர் நிபந்தனையைச் சிறிய பணிகளுக்கு நீக்கச் சொல்வோம். அந்த ஒரு வரியே நம்மில் பெரும்பாலோரை வாசலில் நிறுத்திவிடுகிறது.

கடன் திட்டங்களைப் பற்றியும் ஒன்று. 2023-இல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. நல்ல திட்டம், பயன்படுத்துங்கள். ஆனால் பொதுவாகக் கடன், மானியத் திட்டங்கள் இயந்திரத்தையும் கட்டடத்தையும் மனத்தில் வைத்தே வரையப்படுகின்றன. டிசைன் அலுவலகத்தின் இயந்திரம் நான்கு லேப்டாப்தான். செலவெல்லாம் சம்பளம். எங்களுக்கு மந்தகாலத்தில் வேண்டியது நிலுவை இன்வாய்ஸின்மேல் குறைந்த வட்டிக் கடன். தாட்கோ போன்ற நிறுவனங்கள் அதைச் செய்யட்டும் என்று எழுதிக் கேட்போம்.

தோழர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் மூன்று எண் எழுதுங்கள். மாதச் செலவு எவ்வளவு, கையில் இருப்பு எவ்வளவு, வரவேண்டிய நிலுவை எவ்வளவு. இருப்பைச் செலவால் வகுத்தால் நீங்கள் எத்தனை மாதம் தாங்குவீர்கள் என்பது தெரியும். பலருக்கு அது ஒன்றுக்குக் கீழே வரும். வெட்கப்பட வேண்டாம். அது உங்கள் திறமையின் மதிப்பெண் அல்ல. பல தலைமுறையாக நமக்கு மறுக்கப்பட்ட நிலமும் நகையும் கடனும்தான் அந்த எண்ணாக உங்கள் முன் நிற்கின்றன. தனித்தனியாக ஒரு மாதம் தாங்குகிற பத்துப் பேர் நிதியைச் சேர்த்தால், யாருக்கு முதலில் அடி விழுகிறதோ அவர் நான்கு மாதமாவது தாங்கலாம். அந்தத் தாளோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். பொதுநிதியின் முதல் கணக்கை அன்றைக்கே எழுதிவிடலாம்.